குளியலறையும் உடைந்த ஓடும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், திருவள்ளூர், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களிலும் பல வீடுகளில் குளியலறை என்பது நான்கு அடிக்கு ஆறு அடி இடம்தான். தரையில் சிமெண்ட் பெயர்ந்திருக்கும். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். சுவரின் கீழ்ப்பாதியில் பாசி படிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அறை இருந்தால், "இதைக் கொஞ்சம் அழகாக்க வேண்டும். ஆனால் கையில் இருப்பதோ சொற்பம்" என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஓட்டுக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பியும் வந்திருப்பீர்கள்.

இந்தக் கவலை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. குறைந்த செலவில், கைக்குக் கிடைக்கும் பொருளைக் கொண்டு, தண்ணீர் ஊறாத ஓர் அறையைக் கட்டுவது எப்படி? மனிதன் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறான். அவன் கண்ட விடைகளில் ஒரு பொருள் மீண்டும் மீண்டும் வருகிறது. அது உடைந்த ஓடு. அதன் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் பணத்தை எதில் முதலில் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மொகஞ்சதாரோவின் வாட்டம்

சிந்து நதிக் கரையில் மொகஞ்சதாரோ நகரம் கி.மு. 2500 அளவில் செழித்திருந்தது. 1920-களில் அதை அகழ்ந்தபோது ஆராய்ச்சியாளர்களை வியக்க வைத்தவை அரண்மனைகள் அல்ல, குளியலறைகள். வீட்டுக்கு வீடு ஒரு சிறிய குளியல் மேடை இருந்தது. சுட்ட செங்கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தி, இடைவெளி தெரியாதபடி நெருக்கி அடுக்கியிருந்தார்கள். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. அந்த மூலையிலிருந்து தண்ணீர் சுவர் வழியாகத் தெருச் சாக்கடைக்குச் சென்றது.

அந்நகரின் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. செங்கற்களை ஜிப்சச் சாந்தால் இணைத்து, தண்ணீர் கசியாமல் இருக்க நிலக்கீல் என்னும் கருமையான பொருளை ஒரு படலமாகப் பூசியிருந்தார்கள்.

வண்ண ஓடும் வழவழப்பும் இல்லாத காலம் அது. ஆயினும் அந்தத் தரையில் தண்ணீர் நிற்கவில்லை. நம் கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்கிறார்களே, அந்தச் சரிவை அன்றே சரியாகக் கொடுத்திருந்தார்கள். செலவில்லாத இந்த ஒரு வேலைதான் குளியலறையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தேங்கும் நீர் பூச்சிலுள்ள மயிரிழை போன்ற வெடிப்புகளுக்குள் புகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அந்நீர் சுவரில் மேலே ஏறும். பூச்சு உப்பிப் பெயர்வதற்கு இதுவே காரணம்.

உடைந்த பானை செய்த வேலை

வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்துக்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது இறுகும். எப்போதும் ஈரமாக உள்ள இடத்தில் அது இறுகுவது கடினம். குளியலறையோ எப்போதும் ஈரம்!

ரோமானியர்கள் இதற்கு வழி கண்டார்கள். உடைந்த ஓடுகளையும் பானைகளையும் பொடித்துச் சுண்ணாம்புடன் கலந்தார்கள். பெரிய பொதுக் குளியல் மண்டபங்களுக்குப் பெயர் பெற்றவர்கள் அவர்கள். அம்மண்டபங்களிலும் தொட்டிகளிலும் தரையிலும் சுவரிலும் இந்தச் சிவந்த சாந்தையே பூசினார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், மண்பாண்டத் தூளைக் கலந்தால் சாந்து மேம்படும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் இதற்குச் 'சுர்க்கி' என்று பெயர். செங்கல் தூள்தான் அது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுப்பப்பட்டது.

இதன் இரகசியம் என்ன? களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் எளிதில் வினைபுரியும் நிலைக்கு மாறுகின்றன. அந்தத் தூள் ஈரத்தில் சுண்ணாம்புடன் சேர்ந்து, நீரில் கரையாத புதிய சேர்மங்களை உண்டாக்குகிறது. அதாவது, எந்த ஈரம் சாதாரணச் சுண்ணாம்பை இறுக விடாமல் தடுத்ததோ, அந்த ஈரமே இதை இறுகச் செய்கிறது. குப்பையில் எறிய வேண்டிய உடைந்த பானை குளியலறையைக் காக்கும் பொருளாயிற்று.

பழவேற்காட்டுக் கிளிஞ்சல்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஜெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். ஏரியின் படுகையில் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சல்களைத் தோண்டியெடுத்துச் சுண்ணாம்பு சுடுவது இப்பகுதியின் பழைய தொழில்களில் ஒன்று.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. தூய கிளிஞ்சல் 100 கிலோ எடுத்துக்கொண்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் சேர்த்தால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்பப் பெற்று மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கடலில் கிளிஞ்சலாக இருந்தது சுவரில் கல்லாகிறது!

கிளிஞ்சல் சுண்ணாம்பில் பிறந்ததுதான் ஐரோப்பியர்கள் வியந்து பாராட்டிய 'மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு'. ஐசக் பைக் என்ற ஆங்கில அதிகாரி சென்னையில் சாந்து செய்யும் முறையை எழுதியனுப்ப, இலண்டன் ராயல் கழகம் 1730-களின் தொடக்கத்தில் அதைத் தன் இதழில் வெளியிட்டது. வெல்லம், பயறு, கடுக்காய் ஆகியவற்றை ஊறவைத்த நீர் அந்தச் செய்முறையில் இடம்பெறுகிறது. மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கரு, நெய், தயிர் போன்றவற்றையும் சேர்ப்பது வழக்கம். பின்னர் வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சுவர் சலவைக்கல் போலப் பளபளக்கும்.

இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. வெல்லத்திலுள்ள சர்க்கரை, நீரில் சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது. நெய்யிலுள்ள கொழுப்பு சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் சோப்பாகிறது. அது நீரில் கரையாது. உங்கள் வீட்டுக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், சோப்புப் போட்டுக் குளித்தபின் வாளியின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று படியுமே, அதே பொருள்தான். வாளியில் படிந்தால் அழுக்கு. சுவரில் படிந்தால் நீர்க்காப்பு! மொராக்கோ நாட்டுக் குளியலறைகளில் 'தடெலாக்ட்' என்னும் பூச்சுக்கும் இதே தத்துவம்தான். அங்கே ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்க்கிறார்கள்.

இன்று பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே ஏரியில் கிளிஞ்சல் அள்ளலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். அந்தக் கிளிஞ்சல் படிவுகள் உருவாக எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

தண்ணீர் வீட்டுக்குள் வந்தது

பழைய தமிழ் வீடுகளில் குளிக்கும் இடம் கிணற்றடியிலோ கொல்லையிலோ இருந்தது. குழாய் நீர் வந்தபிறகே அது வீட்டுக்குள் நுழைந்தது. இதில் திருவள்ளூர் மாவட்டத்து நீர்நிலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து குழாய்களில் சென்னை நகருக்குப் பாய்ந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரையே அது தாங்கியிருக்கிறது.

குளியலறை வீட்டுக்குள் வந்தால் சாக்கடைக் குழாயும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன் துர்நாற்றத்தையும் பூச்சிகளையும் தடுப்பது எப்படி? 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி ஓர் எளிய விடை கண்டார். கழிவுக் குழாயைப் பாம்பு போல வளைத்துவிட்டார். வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும். கழிவு நீர் கீழே போகும். ஆனால் வாயு மேலே வர முடியாது. இரண்டு அங்குல ஆழமுள்ள நீர் ஒரு கதவாக நிற்கிறது!

உங்கள் குளியலறைத் தரையில் சல்லடை மூடிக்குக் கீழே உள்ள 'நானி டிராப்' இந்த வளைவின் உறவினர்தான். குளியலறையில் நாற்றம் அடித்தால் ஊதுவத்தி ஏற்றுவதில் பயனில்லை. டிராப்பில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் இந்த நீர் ஆவியாகி, கதவு திறந்துகொள்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே நாற்றம் நின்றுவிடும்.

வெள்ளை ஓட்டின் காலம்

1854-இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஒரு கைப்பம்பின் நீரே அதற்குக் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டினார். காலராக் கிருமியைத் தேடி வந்த இராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாக் குளம் ஒன்றின் நீரில் அதைக் கண்டார். நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்பது நிலைநாட்டப்பட்டதும் குளியலறையின் தோற்றமே மாறியது. மர அலங்காரமும் சுவர்க் காகிதமும் போயின. அழுக்கு இருந்தால் உடனே தெரியும் வெள்ளை நிறமும், துடைத்தால் சுத்தமாகும் வழவழப்பும் தேவையாயின.

இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் முன்பே தயாராக இருந்தது. 1840-இல் ரிச்சர்டு புராசர் என்ற ஆங்கிலேயர், ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை அச்சில் அழுத்திப் பொத்தான் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மின்டன் என்ற பீங்கான் நிறுவனம் அம்முறையில் ஓடு செய்யத் தொடங்கியது. ஓட்டின் மேல் உள்ள பளபளப்பு உண்மையில் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். நீர் அதனுள் புகாது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் 1950-களிலிருந்து பீங்கான் குளியலறைச் சாதனங்கள் உற்பத்தியாகி வருகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி மேலே மட்டும்தான். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள இணைப்பு சிமெண்ட்தான். வீடுகளில் கசிவு தொடங்குவது பெரும்பாலும் இந்த இணைப்புகளில். ஓடு பதித்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பது பொய்யான நிம்மதி.

அத்திப்பட்டுச் சாம்பல்

ஓட்டை இணைக்கும் சிமெண்டுக்கும் நம் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதை உற்பத்தி செய்ய முதல் முயற்சி நடந்தது சென்னையில், 1904-இல். மூலப்பொருள் என்ன தெரியுமா? கடற்கிளிஞ்சல்! அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில்தான் சிமெண்டுத் தொழில் கால் ஊன்றியது.

இன்று கடையில் 'பி.பி.சி.' என்று எழுதிய சிமெண்டு மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் அனல் மின் நிலையங்களின் உலர் சாம்பல் கலந்திருக்கிறது. பொன்னேரி வட்டத்து அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையம் போன்றவற்றில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சுவது இந்தச் சாம்பல். அதிலும் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு. சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் அவை வினைபுரிகின்றன. ரோமானியரின் ஓட்டுத் தூளும் நம் சுர்க்கியும் செய்த வேலையைத்தான் இந்தச் சாம்பலும் செய்கிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலந்து மீனவர் வாழ்வைக் கெடுத்த பொருள், மூட்டைக்குள் போனால் குளியலறைக்குப் பயனாகிறது. கழிவு என்பது பெரும்பாலும் தவறான இடத்தில் உள்ள பொருள்தான்.

குப்பையிலிருந்து கோலம்

அழகுக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் அந்தோனி கௌதி என்ற கட்டடக் கலைஞர் 1900 முதல் 1914 வரை குவெல் பூங்காவை அமைத்தார். அங்கே பாம்பு போல வளைந்து செல்லும் நீண்ட இருக்கை ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பை அவருடைய துணைவர் ஜுஜோல் உடைந்த ஓட்டுத் துண்டுகளால் மூடினார். வளைந்த பரப்பில் முழு ஓட்டைப் பதிக்க முடியாது. தட்டையான ஓடு வளையாதே! சிறு சிறு துண்டுகளாக்கினால் எந்த வளைவையும் மூடிவிடலாம். தொழிற்சாலைகள் கழித்த ஓடுகள் என்பதால் செலவும் குறைவு.

நம் நாட்டுச் சான்று இன்னும் சுவையானது. சண்டீகர் நகரம் உருவானபோது பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடிபாடுகளைச் சைக்கிளில் சுமந்துசென்று, 1957 அளவிலிருந்து காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். உடைந்த ஓடு, உடைந்த வளையல், உடைந்த கைகழுவும் தொட்டி, உடைந்த கழிப்பறைப் பீங்கான் எல்லாம் அங்கே மனித உருவங்களாகவும் சுவர்களாகவும் மாறின. 1970-களில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அனுமதியின்றிக் கட்டியதால் இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. 1976-இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

உங்கள் குளியலறைக்கு என்ன செய்யலாம்?

இந்த நீண்ட வரலாறு ஒரு வரிசையைச் சொல்லித் தருகிறது. அந்த வரிசையிலேயே செலவு செய்யுங்கள்.

முதலில் வாட்டம். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். அறுபதுக்கு ஒன்று என்ற சரிவு போதும். ஆறு அடி நீளத்துக்கு சுமார் 3 சென்டிமீட்டர் இறக்கம். அந்த இடங்களை மட்டும் கொத்திவிட்டுப் புதுக் கலவை போட்டால் முழுத் தரையையும் பெயர்க்கும் செலவு மிச்சம்.

இரண்டாவது டிராப்பும் வெடிப்புகளும். சுவரும் தரையும் சேரும் மூலைதான் முக்கியம். அதைச் சதுரமாக விடாமல் கலவையால் குழிவாக உருட்டிவிட்டால் அழுக்கும் தங்காது, நீரும் புகாது. புதிய சிமெண்டு வேலையை ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காப்பாற்ற வேண்டும். அவசரப்பட்டு இரண்டே நாளில் குளிக்கத் தொடங்கினால் வேலை வீண்.

மூன்றாவது காற்றும் வெளிச்சமும். பாசி வளர ஈரம் வேண்டும். வெண்டிலேட்டரை அட்டையால் மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். இது காசில்லாத மருந்து.

இவை முடிந்தபின் அழகு. ஓட்டுக் கடைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் உடைந்த ஓடுகள் குவிந்து கிடக்கும். கேட்டால் மிகக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கக்கூடும். சாக்குப் பையில் போட்டுச் சுத்தியலால் தட்டினால் துண்டுகள் தெறிக்காது. ஆனாலும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கூரான விளிம்புகளைத் தேய்ப்புக் கல்லில் மழுக்குங்கள். தரைக்குச் சொரசொரப்பான துண்டுகள், சுவருக்குப் பளபளப்பானவை. சிறு துண்டுகளுக்கு இடையே இணைப்புகள் அதிகம் என்பதால் கால் வழுக்குவது குறைகிறது. வயதானவர்கள் உள்ள வீட்டில் இது பெரிய ஆதாயம். ஆனால் இணைப்பு அதிகம் என்றால் கசியும் வழியும் அதிகம். எனவே இடைவெளிகளைக் கலவையால் நன்றாக அடையுங்கள்.

ஓடு கிடைக்காவிட்டால் சிவப்புத் தரை இருக்கவே இருக்கிறது. சிமெண்டுடன் கலக்கும் அந்தச் சிவப்புப் பொடி இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் இனம். ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருள் மேலும் துருப்பிடிக்காது. ஆகவே நிறமும் மங்காது. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்க வேண்டாம், வலிமை குறையும். சுவருக்குச் சுண்ணாம்பே போதும் என்பவர்கள், கட்டிச் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஓட்டின் கண்ணாடிப் படலத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் இணைப்புகளில் உள்ள சுண்ணாம்பையும் சிமெண்டையும் அது அரித்துவிடும். ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறிய, காற்றோட்டமில்லாத அறையில் அது உயிருக்கே ஆபத்து. சோப்பு நீரும் தேங்காய் நாரும் தினமும் செய்யும் வேலையை ஒருநாள் ஆசிட் செய்துவிட முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குவளைத் தண்ணீரும் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் செல்லுங்கள். ஓட்டுக் கடைக்குப் பிறகு போகலாம்.